அரண்மனையை இடித்துவிட்டு அரண்மனை: ஜெர்மனின் ‘பலஸ்ட்’டும் ‘குல்டூர்’ரும் ஆங்கிலம் வழியே வரும்போது

பெர்லின் நகரின் நடுவே, ஷ்ப்ரே ஆற்றுத் தீவில் நிற்கிறது ஹம்போல்ட் ஃபோரம். அதைப் பற்றிய ஆங்கிலச் செய்தியை அப்படியே தமிழாக்கினால், ‘அரண்மனையை இடித்துவிட்டு அதே இடத்தில் அரண்மனையைத் திரும்பக் கட்டினார்கள், இப்போது அது கலாச்சார மையம்’ என்று ஒரு வரி கிடைக்கும். வாசகர் குழம்புவது நியாயம்தான். இருந்த அரண்மனையை ஏன் இடிக்க வேண்டும், இடித்த பிறகு ஏன் கட்ட வேண்டும்?

ஜெர்மன் செய்தித்தாளில் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே இடிக்கப்பட்டது ‘பலஸ்ட்’, கட்டப்பட்டது ‘ஷ்லோஸ்’. ஆங்கிலம் இரண்டையும் ‘பேலஸ்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. ‘கல்ச்சர்’ விஷயம் நேர்மாறு. ஜெர்மனின் ‘குல்டூர்’ரைச் சில இடங்களில் ‘கல்ச்சர்’ என்றும், சில இடங்களில் ‘சிவிலைசேஷன்’ என்றும், சில இடங்களில் வெறுமே ‘ஆர்ட்ஸ்’ என்றும் ஆங்கிலம் பிரித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்க அண்ணன் தம்பி போலிருக்கும் இந்தச் சொற்கள் எங்கே பிரிகின்றன, அதனால் என்னென்ன தவறு நேர்கிறது என்று பார்ப்போம்.

ஒரே மனை, மூன்று கட்டடம்

முதலில் அந்தப் பெர்லின் மனையின் வரலாறு.

1. 1443-இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரெட்ரிக் இங்கே ஒரு கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். 17ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆண்ட்ரியாஸ் ஷ்லூட்டர் என்ற சிற்பியும் கட்டடக் கலைஞருமானவர் அதைப் பரோக் என்ற அலங்காரம் மிகுந்த பாணியில் மாளிகையாக மாற்றத் தொடங்கினார். 1918-இல் முடியாட்சி ஒழியும்வரை, பிராண்டன்பர்க்கையும் பிரஷ்யாவையும் ஆண்ட ஹோஹென்சோலெர்ன் வம்சத்தின் தலைமை இருப்பிடம் இதுதான். 1945 பிப்ரவரி 3 குண்டுவீச்சில் எரிந்தது. சுவர்கள் பெருமளவு நின்றுகொண்டிருந்தபோதும் 1950-இல் கிழக்கு ஜெர்மன் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. இதன் பெயர் ‘பெர்லினர் ஷ்லோஸ்’.

2. அந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியில் 1973 முதல் 1976 வரை ஹைன்ஸ் கிராஃபுண்டர் தலைமையில் எழுந்தது இரண்டாவது கட்டடம். வெண்கல நிறக் கண்ணாடி முகப்பு, சுமார் 180 மீட்டர் நீளம். உள்ளே கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றமான மக்கள் அவையின் கூடம், ஏறத்தாழ 5,000 பேர் அமரும் பேரரங்கு, உணவகங்கள், பவுலிங் தளம். இதன் பெயர் ‘பலஸ்ட் டெர் ரெபுப்ளிக்’, அதாவது குடியரசின் பலஸ்ட். கூடத்தில் தொங்கிய எண்ணற்ற விளக்குகளைப் பார்த்து, கட்சித் தலைவர் எரிஷ் ஹோனெக்கரின் பெயரால் ‘எரிஷின் விளக்குக் கடை’ என்று ஊர் கேலி செய்தது. எஃகுச் சட்டகத்தின் மேல் தீப்பாதுகாப்புக்காகத் தெளிக்கப்பட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் காரணமாக 1990 செப்டம்பரில் மூடப்பட்டது. 1998 முதல் 2003 வரை ஆஸ்பெஸ்டாஸை அகற்றினார்கள். 2006 முதல் 2008 வரை கட்டடத்தையே அகற்றினார்கள்.

3. 2002-இல் ஜெர்மன் நாடாளுமன்றம் பழைய பரோக் முகப்புகளோடு மறுபடி கட்ட முடிவெடுத்தது. 2008 போட்டியில் இத்தாலியர் ஃபிராங்கோ ஸ்டெல்லாவின் வடிவமைப்பு வென்றது, 2013-இல் அடிக்கல். மூன்று பக்கம் பழைய முகப்பு, ஆற்றைப் பார்த்த கிழக்குப் பக்கம் மட்டும் நவீனம். 2021 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்தது. உள்ளே இனவியல் அருங்காட்சியகமும் ஆசியக் கலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. இதை நடத்தும் அறக்கட்டளையின் பெயரே ‘பெர்லினர் ஷ்லோஸில் உள்ள ஹம்போல்ட் ஃபோரம்’ என்றுதான் அமைகிறது.

ஷ்லோஸை வெடிவைத்துத் தகர்த்த அரசு தன் சொந்தக் கட்டடத்துக்கு ‘ஷ்லோஸ்’ என்று பெயர் வைத்திருக்க முடியாது. ‘பலஸ்ட்’ என்று வைப்பதில் அதற்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவருக்கு இந்த அரசியல் கண்ணில் படாது.

ஒரு ரோமானியக் குன்று, மூன்று ஜெர்மன் சொற்கள்

‘பேலஸ்’, ‘பலஸ்ட்’ இரண்டுக்கும் மூலம் ஒன்றே. ரோம் நகரின் ஏழு குன்றுகளில் ஒன்றான பாலட்டைன் குன்றில் பேரரசர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். குன்றின் பெயரான ‘பலாட்டியும்’ பேரரசரின் வீட்டுக்குப் பெயராகி, பிறகு எந்த ஆட்சியாளரின் வீட்டுக்கும் பொதுப் பெயரானது. ஜெர்மன் இந்தச் சொல்லை ஒருமுறை அல்ல, மூன்று முறை வெவ்வேறு காலத்தில் வாங்கியிருக்கிறது.

முதல் முறை மிகப் பழைய காலத்தில். சொல் தொடக்கத்துப் ‘ப’ ஒலி தென் ஜெர்மனில் ‘ப்ஃப’ என்று திரிந்ததற்கு முன்பே உள்ளே வந்துவிட்டதால் இதுவும் திரிந்து ‘ப்ஃபால்ஸ்’ ஆனது. இடைக்காலப் பேரரசர்களுக்கு நிலையான தலைநகர் கிடையாது. ஊர் ஊராகத் தங்கி ஆண்டார்கள். அப்படித் தங்கிய அரசவை வளாகம்தான் ப்ஃபால்ஸ். இன்று ஒரு மாநிலத்தின் பெயரிலேயே அது இருக்கிறது: ரைன்லாண்ட்-ப்ஃபால்ஸ். ஆங்கிலம் அதை ‘ரைன்லாண்ட்-பலாட்டினேட்’ என்று சொல்வதற்குக் காரணமும் இதே வேர்தான்.

இரண்டாம் முறை 12ஆம் நூற்றாண்டளவில், பழைய பிரெஞ்சிலிருந்து ‘பலஸ்’ என்று வந்தது. கோட்டைக்குள் இருக்கும் பெரிய கூடக் கட்டடத்தைக் குறித்தது. வார்ட்புர்க் கோட்டைக்குப் போனால் வழிகாட்டி இன்றும் ‘பலஸ்’ என்றே சொல்வார். இதன் கடைசியில் காரணமில்லாமல் ஒரு ‘ட்’ ஒட்டிக்கொள்ள, ‘பலஸ்ட்’ பிறந்தது. போப்பைக் குறிக்கும் ‘பாப்ஸ்ட்’, பழத்தைக் குறிக்கும் ‘ஓப்ஸ்ட்’ ஆகியவற்றின் கடைசி ‘ட்’டும் இதே வகைதான்.

மூன்றாம் முறை 17ஆம் நூற்றாண்டில். பிரெஞ்சு மோகம் உச்சத்திலிருந்த காலம். ‘பலே’ என்ற உச்சரிப்போடே வந்தது. பொதுவாக நகருக்குள் பிரபு ஒருவர் கட்டிக்கொள்ளும் நேர்த்தியான மாளிகை இது. இரு ஜெர்மனிகளும் இணைவதற்கான ஒப்பந்தம் 1990 ஆகஸ்ட் 31 அன்று கையெழுத்தானது பெர்லினின் குரோன்பிரின்ஸன்பலே, அதாவது பட்டத்து இளவரசர் மாளிகையில். போட்ஸ்டாமில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெட்ரிக் (1443-இல் அடிக்கல் நாட்டியவர் அல்ல, அதே பெயருடைய பிற்காலத்தவர்) ஏழாண்டுப் போர் முடிந்ததும் 1763-இல் கட்டத் தொடங்கிய ‘நொயெஸ் பலே’ மட்டும் பெயருக்குத்தான் பலே. அளவில் எந்த ஷ்லோஸுக்கும் குறைந்ததில்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே நிற்பதுதான் ‘ஷ்லோஸ்’. ‘மூடு’ என்ற வினையிலிருந்து வந்த உள்ளூர்ச் சொல். அதனால்தான் கதவுப் பூட்டுக்கும் அதே சொல்; பூட்டு வேலை செய்பவர் ‘ஷ்லோஸர்’. கட்டடத்தைக் குறித்தபோது, பள்ளத்தாக்கையோ பாதையையோ அடைத்து நிற்கும் கோட்டை என்பதே முதல் பொருள். பீரங்கி வந்து பழைய மதில்கள் பயனற்றுப் போனபின், அதே குடும்பங்கள் மதிலை விட்டுவிட்டு வசதியான மாளிகையில் வாழத் தொடங்கின. கட்டடம் மாறியது, பெயர் மாறவில்லை. அரணாகவே நின்றவை ‘புர்க்’ என்ற பழைய பெயரைத் தக்கவைத்துக்கொண்டன. தமிழின் ‘அரண்மனை’யும் ‘அரண்’ என்ற முன்பாதியோடுதான் நிற்கிறது என்பதால் ஷ்லோஸின் கதை நமக்கு அந்நியமாகத் தெரியாது.

எது எப்போது

ஜெர்மன் பேசுபவர் கட்டடத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கத்தைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்:

1. தங்கள் நாட்டு மன்னர், பிரபு வாழ்ந்த மாளிகை: ஷ்லோஸ். சான்சூசி, ஷார்லோட்டன்புர்க், வியன்னாவின் ஷோன்புருன் எல்லாம் இதில் அடங்கும். ஜெர்மன் குடியரசுத் தலைவரின் அதிகாரபூர்வ இருப்பிடமும் ‘ஷ்லோஸ் பெல்வியூ’தான், ‘ஜனாதிபதி பலஸ்ட்’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

2. ஆட்சித் தலைமையகமாகவே இயங்கிய பெரிய நகர மாளிகை: ரெசிடென்ஸ். வூர்ஸ்புர்க், மியூனிக் இரண்டும் புகழ்பெற்றவை.

3. அயல்நாட்டு ஆட்சியாளர் மாளிகை: பெரும்பாலும் பலஸ்ட். பக்கிங்ஹாம் பலஸ்ட், வெனிஸின் டோஜ் பலஸ்ட், இஸ்தான்புல்லின் டோப்காப்பி பலஸ்ட். பிரான்ஸ் மட்டும் விதிவிலக்கு. ‘ஷாத்தோ’வுக்கு ஷ்லோஸே ஈடு என்பதால் வெர்சாய் ‘ஷ்லோஸ்’ ஆகிறது.

4. பெரிய பொதுக் கட்டடம்: பலஸ்ட். நாஜித் தலைவர்கள் மீது 1945–46-இல் விசாரணை நடந்த நியூரம்பெர்க் நீதிமன்றம் ‘யுஸ்டீட்ஸ்பலஸ்ட்’, நீதி மாளிகை.

5. கேளிக்கைக்கூடம்: பலஸ்ட். இதற்குத் தனியாகச் சில வரிகள் தேவை.

ஆங்கிலம் முதல் இரண்டு வரிசையையும் ‘பேலஸ்’ அல்லது ‘காசில்’ என்று சொல்கிறது. எதைத் தேர்வது என்பதைத் தோற்றம்தான் தீர்மானிக்கிறது. கூரான கோபுரம் இருந்தால் காசில், தோட்டமும் சமதளக் கூரையும் இருந்தால் பேலஸ். 1869-இல் இரண்டாம் லூட்விக் மன்னர் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைன் எந்தப் போருக்காகவும் கட்டப்பட்டதல்ல; ஜெர்மனில் அது ஷ்லோஸ், ஆங்கிலத்தில் காசில், ஆங்கிலம் வழியே தமிழுக்கு வரும்போது ‘கோட்டை’. உண்மையில் ஒரு கோட்டையின் வேஷம் போட்ட மாளிகை.

ஆங்கில ‘பேலஸ்’: பட்டமும் சாராயக்கடையும்

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கண்டிப்பான பொருள் ஒன்றும், தாராளமான பொருள் ஒன்றும் உண்டு. கண்டிப்பாகப் பார்த்தால் அரசரின் அல்லது ஆயரின் அதிகாரபூர்வ இருப்பிடமே பேலஸ். கேன்டர்பரி பேராயர் லண்டனில் தங்கும் இடம் லாம்பெத் பேலஸ். அரசர் வாழ்ந்தாலும் வின்ட்சர் கோட்டையாகவே கட்டப்பட்டதால் ‘காசில்’. நாடாளுமன்றக் கட்டடம் இன்றும் ‘பேலஸ் ஆஃப் வெஸ்ட்மின்ஸ்டர்’. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டாம் ஹென்றி தீ விபத்துக்குப்பின் அங்கிருந்து வெளியேறியும் பெயர் போகவில்லை. அரச குடும்பத்தாரும் ஆயரும் அல்லாத ஒருவரின் நாட்டுப்புற மாளிகை இங்கிலாந்தில் ‘பேலஸ்’ என அழைக்கப்படுவது மிக அரிது. அப்படி ஒன்று பிளென்ஹைம். அந்தப் பெயரும் ஜெர்மன் மண்ணிலிருந்து வந்ததுதான்: மார்ல்பரோ கோமகன் 1704-இல் வென்ற போர் நடந்த பவேரிய கிராமம் பிளின்ட்ஹைம்.

தாராளப் பொருள் 19ஆம் நூற்றாண்டில் பெருகியது. வாயுவிளக்கும் கண்ணாடியும் மின்னும் லண்டன் சாராயக்கடைகளுக்கு ‘ஜின் பேலஸ்’ என்று பெயர். 1851 உலகக் கண்காட்சிக்காக ஹைட் பூங்காவில் இரும்பும் கண்ணாடியுமாக எழுந்தது ‘கிரிஸ்டல் பேலஸ்’. 1873-இல் வடக்கு லண்டனில் திறந்த அலெக்சாண்ட்ரா பேலஸ், ‘மக்களின் அரண்மனை’ என்ற அடைமொழியோடு வந்தது. அரசர் வீட்டுப் பகட்டைக் காசு கொடுப்பவர் எல்லாருக்கும் ஒரு மாலை நேரத்துக்கு வாடகைக்கு விடும் இடம் என்பதே இங்கெல்லாம் உட்பொருள். நம் ஊர்த் திருமண மஹால்களில் மன்னர் யாரும் குடியிருந்ததில்லையே, அதே கதைதான்.

இந்தப் புதுப் பொருளில் ‘பலஸ்ட்’ ஜெர்மனியிலும் ஊர் ஊராகப் பரவியது. மியூனிக்கில் 1854-இல் ‘கிளாஸ்பலஸ்ட்’ என்ற கண்ணாடி மாளிகை. பெர்லினில் 1910-இல் ஷ்போர்ட்பலஸ்ட் என்ற விளையாட்டரங்கு. நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் 1943 பிப்ரவரியில் ‘முழுமையான போர்’ உரை நிகழ்த்தியது இங்கேதான். தவிர அட்மிரால்ஸ்பலஸ்ட், ஃபிரெட்ரிஷ்ஷ்டாட்-பலஸ்ட் போன்ற நடன, நாடகக் கூடங்கள். 20ஆம் நூற்றாண்டில் ஒரு பெர்லின்வாசிக்கு ‘பலஸ்ட்’ என்றதும் நினைவுக்கு வருவது மேடை, விளக்கு, நுழைவுச்சீட்டு. ‘ஷ்லோஸ்’ என்றால்தான் மன்னர்.

கேலிக்கும் இந்தச் சொல் பயன்பட்டது. சுவர் நகரைப் பிரித்திருந்த காலத்தில், ஃபிரெட்ரிஷ்ஷ்ட்ராஸே ரயில் நிலையத்தை ஒட்டி 1962-இல் ஒரு கண்ணாடிக் கூடம் கட்டப்பட்டது. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சோதிக்கும் எல்லைச் சாவடி அது. வழியனுப்ப வந்தவர்கள் அழுது பிரியும் இடம் என்பதால் மக்கள் வைத்த பெயர் ‘டிரேனன்பலஸ்ட்’, கண்ணீர் மாளிகை. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அந்த இடத்தின் பெயர்ப்பலகையும் அதுவே.

ஆக, கிழக்கு ஜெர்மன் அரசு ‘பலஸ்ட்’ என்ற சொல்லை எடுத்தபோது அதற்குள் இரண்டு சரடுகள் இருந்தன. ஒன்று இந்தப் பொதுமக்கள் கூடம். மற்றொன்று, ‘குடிசைகளுக்கு அமைதி, மாளிகைகளுக்குப் போர்’ என்று ஜெர்மன் எழுத்தாளர் கியோர்க் பூஷ்னர் 1834 துண்டறிக்கையில் எழுப்பிய முழக்கம். அதில் மாளிகைக்கு அவர் எழுதிய சொல் பலஸ்ட்தான். பழைய மாளிகைகளின் மேல் தொடுத்த போர் முடிந்தது, இனி மாளிகை குடியரசுடையது என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

‘குல்டூர்’: உழவில் தொடங்கியது

லத்தீனில் ‘கொலெரே’ என்றால் நிலத்தை உழுது பேணு, குடியிரு, வழிபடு என்று மூன்று பொருள். உழவிலிருந்து ‘குல்டூரா’, வழிபாட்டிலிருந்து ‘குல்டுஸ்’. மெய்யியல் என்பது மனத்தின் உழவு என்று எழுதி, வயலிலிருந்து மனத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ. தமிழின் ‘பண்படுத்து’ நிலத்துக்கும் மனிதருக்கும் ஒருசேரப் பொருந்துவதும், அதை ஒட்டி ‘பண்பாடு’ நிலைபெற்றதும் இதற்கு இணையான போக்கு.

பிரிவு 18ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஜெர்மன் சிற்றரசவைகளில் பிரெஞ்சுதான் பேச்சுமொழி. பிரபுக்களின் நடை, உடை, விருந்து முறை எல்லாம் பாரிஸ் பாணி. அரசியலில் இடம் கிடைக்காத படித்த நடுத்தர வர்க்கம், அந்த மேற்பூச்சை ‘சிவிலிசாட்சியோன்’ என்று தள்ளிவைத்துவிட்டுத் தன் கல்வி, இசை, மெய்யியலைக் ‘குல்டூர்’ என்று உயர்த்திப் பிடித்தது. மெய்யியலாளர் காண்ட் 1784-இல் எழுதிய கட்டுரையிலேயே கலையாலும் அறிவியலாலும் வருவதைக் குல்டூருக்கும், சமூக நாகரிகத்தையும் மரியாதைகளையும் சிவிலிசாட்சியோனுக்கும் ஒதுக்குகிறார். இந்தப் பிளவின் சமூகக் காரணத்தை 1939-இல் விரிவாக ஆராய்ந்தவர் சமூகவியலாளர் நோர்பெர்ட் எலியாஸ். காண்ட் எழுதிய அதே 1780களில் ஹெர்டர் என்ற ஜெர்மன் சிந்தனையாளர் இன்னொரு திருப்பம் கொடுத்தார்: ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் அதனதன் குல்டூர் உண்டு, ஐரோப்பாவை அளவுகோலாக வைத்து மற்றவரை அளக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

ஆங்கிலத்தில் இந்த எதிர்நிலை வேர்விடவில்லை. அங்கே வேறுவிதமாகப் பிரிந்தது:

1. ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான மேத்யூ ஆர்னால்ட் 1869-இல் ‘கல்ச்சர்’ என்றால் உலகில் சிந்திக்கப்பட்டதிலும் சொல்லப்பட்டதிலும் மிகச் சிறந்தது என்றார். இது தேர்ந்தெடுப்பவரின் பொருள்.

2. இரண்டே ஆண்டு கழித்து, 1871-இல், எட்வர்ட் டைலர் ‘கல்ச்சர் அல்லது சிவிலைசேஷன்’ என்று இரண்டையும் ஒன்றாகவே வைத்து, அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் எல்லாம் சேர்ந்த முழுமை என்று வரையறுத்தார். இது மானிடவியலாளரின் பொருள். இதில் குஸ்டாஃப் கிளெம் என்ற ஜெர்மன் அறிஞரின் சாயல் உண்டு.

1952-இல் குரோபர், கிளக்கோன் என்ற இரு அமெரிக்க மானிடவியலாளர்கள் இந்த ஒரு சொல்லுக்கான வரையறைகளைத் தொகுத்தபோது எண்ணிக்கை 164-ஐத் தொட்டது.

1914: மொழிபெயர்ப்பில் வெடித்த போர்

சொல் வேறுபாடு அறிஞர் அறைக்குள்ளேயே இருந்திருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1914 அக்டோபரில், முதல் உலகப் போரின் தொடக்கத்தில், பெல்ஜியத்தில் ஜெர்மன் படை செய்தவற்றை மறுத்து, மாக்ஸ் பிளாங்க், ரோன்ட்கன் உட்பட 93 ஜெர்மன் அறிஞர்களும் கலைஞர்களும் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. தலைப்பு: ‘ஆன் டீ குல்டூர்வெல்ட்’, குல்டூர் உலகுக்கு. ஆங்கிலப் பதிப்பில் ‘நாகரிக உலகுக்கு’. ஜெர்மன் வாசகர் தலைப்பில் கோதே, பீத்தோவனின் உலகத்தைக் கேட்டார். ஆங்கில வாசகரோ பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தவர்கள் நாகரிகம் பேசுவதைக் கேட்டார்.

அதன்பின் ஆங்கிலச் செய்தித்தாள்கள் ‘குல்டூர்’ என்ற ஜெர்மன் வடிவத்தையே மொழிபெயர்க்காமல் வசைச் சொல்லாக்கின. 1917-இன் அமெரிக்கப் படைச்சேர்ப்புச் சுவரொட்டி ஒன்றில், ஜெர்மன் தலைக்கவசம் அணிந்த கொரில்லாவின் கையிலுள்ள தடியில் பொறித்திருப்பது ‘குல்டூர்’. எதிர்ப்பக்கம், போர் முடிந்ததும் பிரிட்டன் வழங்கிய வெற்றிப் பதக்கத்தின் பின்புறத்தில் ‘சிவிலைசேஷனுக்கான மாபெரும் போர் 1914–1919’ என்ற வாசகம். இந்தியப் படைவீரர்களுக்கும் அதே பதக்கம்தான் கொடுக்கப்பட்டது.

இந்தப் பின்னணி தெரியாவிட்டால் நூல் தலைப்புகள் ஏன் மாறுகின்றன என்பது விளங்காது. வரலாற்றாசிரியர் யாக்கோப் புர்க்ஹார்ட் 1860-இல் எழுதியது இத்தாலிய மறுமலர்ச்சியின் ‘குல்டூர்’, ஆங்கிலத்தில் ‘சிவிலைசேஷன்’. உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டின் 1930 நூல் தலைப்பில் இருப்பதும் ‘குல்டூர்’, ஆங்கிலத்தில் ‘சிவிலைசேஷன்’. இதில் மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்வது அவசரம். குல்டூரையும் சிவிலிசாட்சியோனையும் பிரிக்கத் தனக்கு விருப்பமில்லை என்று ஃபிராய்டே 1927-இல் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ஃபிராய்டுக்குச் சரியான இந்தத் தேர்வு, காண்டுக்குப் பொருந்தாது. காண்டின் வரியில் இரண்டையும் ‘நாகரிகம்’ என்று போட்டால் வாக்கியமே உடைந்துபோகும்.

அரசாங்க ஆவணத்தில் ‘குல்டூர்’

இன்றைய செய்தியில் அதிகம் இடறுவது இங்கேதான்.

1. ஜெர்மனியில் குல்டூர், பள்ளி, பல்கலைக்கழகம் ஆகியவை முதன்மையாக மாநிலங்களின் பொறுப்பு. இதற்குக் ‘குல்டூர்ஹோஹைட்’, மாநிலங்களின் குல்டூர் இறைமை, என்று பெயர். 1933-இல் நாஜிகள் ‘ரைஷ் குல்டூர் சபை’ அமைத்துக் கலைஞர் அனைவரையும் மையத்தின் பிடிக்குள் கொண்டுவந்த அனுபவத்துக்குப்பின், மறுபடி மையத்திடம் கொடுக்க யாருக்கும் மனமில்லை.

2. ஆகவே மத்தியில் முழு அமைச்சகம் இல்லை. 1998 முதல் சான்சலர் அலுவலகத்துக்குள் ஓர் இணை அமைச்சர் மட்டும் இருக்கிறார். ‘ஜெர்மனியின் கலாச்சார அமைச்சர்’ என்று செய்தி போட்டால், இல்லாத அதிகாரத்தை அவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

3. ‘குல்டுஸ்மினிஸ்டர்’ என்பவர் வேறு. அவர் ‘குல்டுஸ்’ பக்கம், அதாவது வழிபாட்டுச் சொல்லின் பக்கம். சமயமும் பள்ளியும் ஒரே துறையாக இருந்த காலத்துப் பெயர். பவேரியாவில் குல்டுஸ் அமைச்சகம் பள்ளிகளைப் பார்க்கிறது, கலைக்கு வேறோர் அமைச்சகம் இருக்கிறது. பள்ளித் தேர்வு பற்றி ‘கலாச்சார அமைச்சர்கள் மாநாடு’ முடிவெடுத்ததாக வரும் விசித்திரச் செய்திகளுக்கு மூலம் இதுவே. தமிழில் ‘மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு’ என்றால் வேலை முடிந்தது.

4. நகராட்சியின் ‘குல்டூர்’ நிதி என்றால் நாடகம், இசைக்குழு, நூலகம், அருங்காட்சியகம். ஆங்கிலேயர் இதை ‘ஆர்ட்ஸ் ஃபண்டிங்’ என்பார்கள். தமிழில் ‘கலை, நூலக நிதி’ என்று எழுதுவதே தெளிவு.

கூட்டுச் சொல்லில் குணம் மாறுகிறது

ஆங்கிலத்தில் ஒரு பெயரோடு ‘கல்ச்சர்’ ஒட்டினால் பெரும்பாலும் நோயறிகுறி: துப்பாக்கிக் கல்ச்சர், பழிபோடும் கல்ச்சர். ஜெர்மனில் ஒட்டினால் பெரும்பாலும் தேர்ச்சி: ‘ஷ்ட்ரைட்குல்டூர்’ என்றால் கருத்து வேறுபாட்டைக் கண்ணியமாகப் பேசித் தீர்க்கும் பழக்கம். ‘ஃபேலர்குல்டூர்’, சொல்லுக்குச் சொல் ‘தவறுக் கலாச்சாரம்’, உண்மையில் தவறு நடந்தால் மறைக்காமல் சொல்லித் திருத்திக்கொள்ளும் பணியிட ஒழுங்கு. விமானம், மருத்துவம் பற்றிய அறிக்கைகளில் அடிக்கடி வரும். ‘மருத்துவமனைக்கு நல்ல ஃபேலர்குல்டூர் வேண்டும்’ என்பதை நேரே தமிழாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும்.

அடைமொழியிலும் கவனம் வேண்டும். ‘குல்டூரெல்’ என்றால் பண்பாடு சார்ந்த. ‘குல்டிவியெர்ட்’ என்றால் பண்பட்ட. ‘குல்டூர்ப்ஃப்ளான்ஸே’ பயிரிட்டு வளர்க்கும் தாவரம், உழவுப் பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது.

இரண்டும் சேர்ந்தால்: குல்டூர்பலஸ்ட்

இந்தச் சொல் ஜெர்மனில் தானாக விளைந்ததல்ல. சோவியத் ஒன்றியத்தில் ஆலைகளும் தொழிற்சங்கங்களும் நடத்திய ‘த்வரேத்ஸ் குல்தூரி’யின் நேர்ப் பெயர்ப்பு. மேடை, நூலகம், பயிலரங்கு, நடனப் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ், தொழிலாளருக்காக. பிட்டர்ஃபெல்ட் ரசாயன ஆலையின் குல்டூர்பலஸ்டில்தான் 1959-இல் எழுத்தாளர்களும் தொழிலாளர்களும் கூடிய மாநாடு நடந்தது. ‘பேனாவை எடு, தோழா’ என்ற அழைப்பு அதன் அடையாளம். வார்சாவில் சோவியத் அன்பளிப்பாக 1955-இல் நிறைவடைந்த 237 மீட்டர் கோபுரமும் ‘பண்பாடு, அறிவியல் மாளிகை’.

டிரெஸ்டனின் குல்டூர்பலஸ்ட் 1969 அக்டோபர் 7 அன்று, கிழக்கு ஜெர்மனியின் இருபதாம் ஆண்டு நாளில் திறந்தது. வடிவமைத்தவர் வோல்ஃப்காங் ஹேன்ஷ். பக்கச்சுவரில் செங்கொடியின் பாதையைச் சொல்லும் பெரிய சுவரோவியம். பெர்லின் பலஸ்டைப் போல இது இடிபடவில்லை. பல வேலைக்குமான பழைய அரங்கின் ஒலியமைப்பு இசைக்குழுவுக்கு ஒத்துவராததால், வெளிச்சட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே புதிய இசையரங்கைக் கட்டி, 2017 ஏப்ரலில் மீண்டும் திறந்தார்கள். இன்று அதற்குள் டிரெஸ்டன் ஃபில்ஹார்மனி, நகர மத்திய நூலகம், ஓர் அங்கத நாடகக்குழு. ஊர்க்காரர்கள் செல்லமாகச் சொல்வது ‘குல்டி’. ‘கலாச்சார அரண்மனை’ என்று தமிழில் எழுதினால் தங்கச் சிம்மாசனம் தேடிப் போகிறவர் கண்ணில் படுவது தட்டையான கூரையும் கண்ணாடி முகப்பும்தான்.

தமிழில் எழுதும்போது

1. ஆங்கிலச் செய்தியில் ‘பேலஸ்’ வந்தால் மூல ஜெர்மன் பெயரை ஒருமுறை பாருங்கள். ஷ்லோஸ் அல்லது ரெசிடென்ஸ் என்றால் ‘அரண்மனை’ போதும். சிறு பிரபுவின் ஷ்லோஸுக்கு ‘மாளிகை’. புர்க் மட்டுமே ‘கோட்டை’.

2. பலே என்றால் ‘நகர மாளிகை’. பலஸ்ட் என்றால் முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து, அரங்கம், நீதிமன்றம், மக்கள் கூடம் என்று பயனைச் சொல்லுங்கள்.

3. பெர்லின் மனையைப் பற்றி எழுதும்போது மூன்று பெயரையும் வேறாக வையுங்கள்: ‘மன்னர் அரண்மனை’ (1950-இல் தகர்க்கப்பட்டது), ‘குடியரசு மாளிகை’ (2008-இல் அகற்றப்பட்டது), ‘ஹம்போல்ட் ஃபோரம்’. முதல் வரியில் சொன்ன குழப்பம் அப்போது வராது.

4. குல்டூரை 18, 19ஆம் நூற்றாண்டு நூலில் கண்டால், பக்கத்தில் சிவிலிசாட்சியோன் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ‘பண்பாடு’, ‘நாகரிகம்’ என்று பிரித்தே ஆக வேண்டும். தனியாக நின்றால் எதுவும் ஆகலாம். ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதுதான் அளவுகோல்.

5. ஜெர்மன் விடுதி அறிவிப்பிலோ பயணப் பட்டியலிலோ ‘குல்டூர்பொய்ட்டல்’ என்று கண்டால் அதில் எந்தப் பண்பாடும் இல்லை. சோப்பு, பற்பசை, சவர சாமான் வைக்கும் கைப்பை.